தோட்ட ஆஸ்பத்திரியில் வேலையும் படிப்பும்

சிரம்பான் நகருக்குத் தென்மேற்கே சில மைல் தொலைவில் உள்ளது செண்டாயான். புதிய வீடுகளும் தொழிற்பேட்டையும் நிறைந்த நகரியம் என்றே இன்றைய இளைஞர் அதனை அறிவர். கோலாலம்பூரில் இருந்த மலேசிய விமானப் படைத் தளம் 2018ல் இவ்வட்டாரத்துக்கு மாற்றப்பட்டதையும் பலர் அறிந்திருப்பர். ஆனால் இந்த நகரியம் எழுந்த நிலம் முன்பு தோட்டமாக இருந்த நிலமாகும். செண்டாயான், மம்பாவ், ரந்தாவ், சிலியாவ், லாபு என்று இவ்வட்டாரப் பெயர்களை வரிசையாகச் சொன்னால், நெகிரி செம்பிலான் தமிழருக்கு முதலில் நினைவுக்கு வருவன பால்மரங்களும் லயங்களுமே.

அந்தத் தோட்ட வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது துரை, கிராணி, கங்காணி, தண்டல் ஆகியோர் தவறாமல் இடம்பெறுவர். இவர்களுக்கு இணையாகத் தோட்ட மக்களின் வாழ்விலும் சாவிலும் பங்கு கொண்ட மற்றொருவர் உண்டு. அவரே ‘டிரெசர்’ என்று தோட்டத்தார் அழைத்த ஆஸ்பத்திரி உதவியாளர். காய்ச்சல் கண்டவனுக்கு மருந்து கொடுத்தவர் அவர். கத்தி பட்ட கைக்குக் கட்டுப் போட்டவர் அவர். நள்ளிரவில் பிரசவ வேதனை முற்றினால் விளக்கை எடுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தவரும் அவரே. டாக்டர் எப்போதோ வந்து போகிறவர். டிரெசரோ எப்போதும் உடனிருப்பவர்.

இத்தனை பொறுப்பை ஏற்ற இவர் எங்கே படித்தார்? அதைவிட முக்கியமாக, எப்போது படித்தார்? இக்கேள்விக்கு விடை தேடினால், அது ஒரு தோட்டத்தோடு நிற்பதில்லை. லண்டனிலும் கிளாஸ்கோவிலும் சென்னையிலும் வேலூரிலும் மானிப்பாயிலும் பினாங்கிலும் நோயாளிகளைப் பேணக் கற்றுக்கொண்டவர்கள் பலரும் ஏதோ ஒரு வகையில் எதிர்கொண்ட சிக்கல் அது. பகலெல்லாம் வேலை, எஞ்சிய நேரத்தில் படிப்பு என்ற ஏற்பாடே அச்சிக்கல். அதன் சுமையை ஆஸ்பத்திரி ஏற்றதா, கற்பவரின் உடம்பு ஏற்றதா என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

ஆஸ்பத்திரி வந்த காரணம்

சிரம்பானையும் போர்ட்டிக்சன் துறைமுகத்தையும் இணைத்த இரயில் பாதை 1891ல் திறக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் இப்பகுதியின் மேட்டு நிலங்களில் ரப்பர் பரவியது. காடு அழிந்தது, தமிழகத்து மாவட்டங்களிலிருந்து ஆட்கள் கப்பலேறி வந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910ல் ஒழிந்தது. கங்காணி வழியாக ஆள் சேர்ப்பது 1938 வரை நீடித்தது. வந்தவர்களை எதிர்கொண்ட முதற்பகைவன் மலேரியா.

கொசுவின் உடலில் மலேரியாக் கிருமி வளர்வதை ரொனால்டு ராஸ் 1897ல் செகந்திராபாத்தில் கண்டார். கோலாலம்பூரில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1900ல் தோன்றியது. அடுத்த ஆண்டு, 1901ல், கிள்ளான் நகரில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலங்களை வடியச் செய்து காய்ச்சலைக் குறைத்தார். கடலோரச் சமவெளிக்கு அம்முறை நன்கு பொருந்தியது. ஆனால் மேட்டு நிலத் தோட்டங்களில் கதை வேறு. அங்கே மலேரியாவைப் பரப்பியது அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் கொசு. அது வெயில் படும் தெளிந்த ஓடை நீரிலும் ஊற்று நீரிலும் முட்டையிடுவது. நிழல் தந்த காட்டை வெட்டி நீரோடையை வெயிலுக்குத் திறந்துவிட்டால் அக்கொசுவுக்குக் கொண்டாட்டம். ஆகவே காடு அழிக்கப்பட்ட பிறகு நோய் குறைவதற்கு மாறாகப் பெருகியது. நிலத்தடியில் குழாய் பதித்து நீரை வடியச் செய்வதும், ஓடைகளில் எண்ணெய் தெளிப்பதும் இதற்குப் பின்னர்க் கண்ட பரிகாரங்கள்.

1911ல் மலாய் ஐக்கிய மாநிலங்களின் தோட்டத் தொழிலாளரிடையே சாவு விகிதம் ஆயிரத்துக்கு அறுபதைத் தாண்டியது. பதினைந்து பேர் கொண்ட ஒரு கூட்டம் தோட்டத்துக்கு வந்தால், ஆண்டு முடிவதற்குள் அவர்களில் ஏறத்தாழ ஒருவர் மறைந்தார் என்பது இதன் பொருள். மனித இரக்கம் ஒருபுறம் இருக்க, ஆள் இல்லாமல் பால் வெட்டு நடவாது என்ற கணக்கும் ஆட்சியாளரையும் கம்பெனிகளையும் அசைத்தது. 1912லும் 1923லும் வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தோட்ட முதலாளியின் மீது மருத்துவப் பொறுப்புகளைச் சுமத்தின. தோட்டத்துக்குத் தோட்டமோ, சில தோட்டங்கள் சேர்ந்தோ ஆஸ்பத்திரிகளை நடத்தலாயின. டாக்டர்கள் அரியர். ஒருவரே பல தோட்டங்களுக்குப் பொறுப்பேற்று, குறித்த நாட்களில் வந்து பார்வையிட்டுச் செல்வார். இடைப்பட்ட நாட்கள் அனைத்தும் டிரெசரின் கையில் விடப்பட்டன.

டிரெசரின் ஒரு நாள்

அவருடைய நாள் விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொடங்கியது. மலேரியா மிகுந்த காலங்களில், வேலைக்கு அணிவகுத்து நிற்கும் ஆட்களுக்குக் கொயினா கொடுக்க வேண்டும். கசப்புக்கு அஞ்சி வாயில் வைத்திருந்து துப்பிவிடுவோர் உண்டு. ஆகவே விழுங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்தவரிடம் நகர வேண்டும். பின்னர் ஆஸ்பத்திரி. கால் புண், சொறி, வயிற்றுக்கடுப்பு, கொக்கிப்புழு, சோகை என்று வரும் வெளிநோயாளிகள். கட்டிலில் கிடப்போருக்கு வெப்பம் பார்த்துக் குறித்தல், மருந்து கலத்தல், ஊசி போடுதல். அது முடிந்ததும் லயங்களைச் சுற்றிக் கால்வாயும் கக்கூசும் கிணறும் பார்த்தல். ஓடைக்கு எண்ணெய் தெளிப்பவன் ஒழுங்காகத் தெளித்தானா என்று மேற்பார்வை. ஆயாக்கொட்டகைக் குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு மண்ணீரல் வீக்கம் கண்டு கணக்கெடுத்தல். மாலையில் பதிவேடுகள். பிறப்பு, இறப்பு, காய்ச்சல், மருந்துக் கையிருப்பு ஆகிய அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும். இரவு அவருடையது என்று சொல்ல முடியாது. லயத்திலிருந்து எவர் வேண்டுமானாலும் வந்து கதவைத் தட்டலாம்.

இவர்களில் பலர் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் பயிற்சியாளராகச் சேர்ந்து தேறியவர்கள். பயிற்சி என்றால் இன்றுபோல் கல்லூரி வகுப்பு அன்று. வார்டில் ஓர் ஆளாக நின்று வேலை செய்ய வேண்டும். மூத்தவர் செய்வதைப் பார்த்துப் பழக வேண்டும். ஓய்வு கிடைத்தபோது டாக்டர் நடத்தும் பாடத்தைக் கேட்க வேண்டும். இரவில் புத்தகத்தைப் புரட்டிப் பரீட்சைக்குத் தயாராக வேண்டும். பரீட்சையில் தேறினால் பதவி ஒரு படி உயரும். தவறினால் வேலை மட்டும் நீடிக்கும். தோட்டத்துக்கு வந்த பிறகு மேற்படிப்புக்கு வழி இன்னும் சுருங்கியது. டிரெசர் தோட்டத்தை விட்டு நகர்ந்தால் அவர் இடத்தில் நிற்க வேறொருவர் இல்லை. நாள் முழுவதும் தேவைப்படும் மனிதனுக்குப் படிக்க விடுமுறை எப்படிக் கிடைக்கும்?

லண்டனில் தொடங்கிய முறை

இந்த ஏற்பாட்டை மலாயா தானாக உண்டாக்கிக்கொள்ளவில்லை. அதன் மூலத்தை 1860ல் லண்டன் செயின்ட் தாமஸ் ஆஸ்பத்திரியில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் நிதியால் தொடங்கப்பெற்ற தாதியர் பள்ளியில் காணலாம். அதற்கு முன் நோயாளிகளைப் பேணுவது கல்வியும் மதிப்பும் இல்லாத கூலி வேலையாகக் கருதப்பட்டது. அதை ஒழுக்கமும் பயிற்சியும் வேண்டும் தொழிலாக உயர்த்தியது நைட்டிங்கேல் அம்மையாரின் பெருமை. பயிற்சி பெற வந்த பெண்களுக்கு உணவும் உறையுளும் சிறு ஊதியமும் உண்டு. பதிலுக்கு அவர்கள் வார்டில் வேலை செய்தனர். பணம் கட்டிப் படிக்க இயலாத பெண்களுக்கும் இது கதவைத் திறந்தது என்பதை மறுக்கலாகாது.

ஆனால் அதன் குறை விரைவிலேயே வெளிப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1872 அளவில், பள்ளியின் உண்மை நிலையை நைட்டிங்கேல் ஆராய்ந்தபோது, மாணவியருக்கு நடத்தப்பட வேண்டிய பாடங்கள் ஒழுங்காக நடைபெறவில்லை என்பது தெரியவந்தது. அவர்கள் வார்டின் வேலைக்காரர்களாகவே பெரிதும் பயன்படுத்தப்பட்டிருந்தனர். இதில் வியப்பில்லை. நோயாளி காத்திருக்க மாட்டார், பாடம் காத்திருக்கும். இரண்டும் ஒரே ஆளின் ஒரே பொழுதுக்குப் போட்டியிட்டால் தோற்பது பாடமே.

அப்பள்ளியிலேயே பயின்ற ரெபெக்கா ஸ்ட்ராங் என்னும் அம்மையார் இதற்கு ஒரு மாற்றுக் கண்டார். கிளாஸ்கோ ராயல் ஆஸ்பத்திரியின் தலைமைத் தாதியாக இருந்த அவர், டாக்டர் மக்கியூவனின் துணையோடு 1893ல் ஒரு புதிய முறையைத் தொடங்கினார். மாணவியர் வார்டில் காலெடுத்து வைக்குமுன் உடற்கூறு, உடலியக்கம், சுகாதாரம் ஆகிய பாடங்களைத் தனியே படித்து முடிக்க வேண்டும் என்பதே அம்முறை. படிப்புக்கென்று ஒரு காலத்தை வேலையிலிருந்து பிரித்து ஒதுக்கிய முயற்சி என்ற வகையில் அது பெரிய முன்னேற்றம். ஆயினும் அந்தக் காலத்துக்கான செலவை மாணவியரே ஏற்க வேண்டியிருந்தது. நேரம் கிடைத்தது, ஆனால் பணம் உள்ளவர்க்கே அது கிடைத்தது. இவ்விரண்டு முறைகளின் நிறைகுறைகளையும் தமிழர் வாழ்ந்த நாடுகள் பின்னாளில் அனுபவித்தன.

சென்னை, வேலூர், மானிப்பாய்

சென்னையில் பிரசவ ஆஸ்பத்திரியைச் சார்ந்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி 1854லேயே தொடங்கியது. அரசினர் பொது ஆஸ்பத்திரியில் தாதியர் பயிற்சி 1871ல் தொடங்கிற்று. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ல் தாதியர் பள்ளியை ஏற்படுத்தினார்; 1946ல் அங்கே தாதியருக்குப் பட்டப்படிப்பே வந்துவிட்டது. அதே ஆண்டில் வெளியான போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் 43,000 மக்களுக்கு ஒரு தாதி என்ற நிலையை எடுத்துக் காட்டி, தாதியரின் வேலை நிலைமையைச் சீர்திருத்த வேண்டும் என்று வற்புறுத்தியது. தாதியர் குறைவாக இருந்தால் இருப்பவர் மீது வேலை குவியும். வேலை குவிந்தால் படிப்புக்கு நேரம் இராது. படிப்புக்கு நேரம் இல்லையென்றால் புதியவர் தேறி வரமாட்டார். இந்த வட்டத்தை எந்த இடத்தில் வெட்டுவது என்பதே அன்று எல்லா நாடுகளுக்கும் இருந்த கேள்வி.

யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நடந்தது இன்னும் சுவையானது. 1847ல் அங்கு வந்த அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் பிஸ்க் கிரீன், அடுத்த ஆண்டு முதல் உள்ளூர் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். உடற்கூறு நூல்களையும் ரணசிகிச்சை நூல்களையும் தமிழில் ஆக்கினார். ஆங்கிலத்தில் தேர்ந்தவர்கள் சர்க்கார் உத்தியோகத்தைத் தேடி ஊரை விட்டுப் போய்விடுகிறார்கள், தமிழில் தேர்ந்தவர்களே கிராம மக்களோடு தங்குவார்கள் என்பது அவர் கண்ட அனுபவம். அவர் கணித்தது சரியே என்பதற்கு மலாயாவே சான்று. பின்னர் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்தார் பெருந்தொகையாக மலாயாவின் இரயில்வேயிலும் எழுத்து வேலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் வந்து சேர்ந்தனர். தோட்டத் தமிழர் தம் நோயைத் தமிழில் சொல்ல முடிந்ததற்கு அவர்களும் ஒரு காரணம்.

மலாயாவில் தாதியர் கல்வி

மலாயா வட்டாரத்தில் தாதியர் சேவையின் தொடக்கத்தை 1885ல் காணலாம். அவ்வாண்டு சிங்கப்பூர்ப் பொது ஆஸ்பத்திரியில் பிரெஞ்சுக் கன்னியர் மடத்துச் சகோதரிகள் நோயாளிகளைப் பேணும் பொறுப்பை ஏற்றனர். அதன்பின் இங்கிலாந்திலிருந்து பயிற்சி பெற்ற தாதியர் வந்தனர். உள்ளூர்ப் பெண்களும் அவர்களிடம் வார்டிலேயே பழகினர். 1942 முதல் 1945 வரை நடந்த ஜப்பானியர் ஆட்சி இந்த ஏற்பாடுகளைக் குலைத்தது. ஜாவாக் கொயினா கிட்டுவது அரிதாயிற்று; தோட்டங்களில் மலேரியா மீண்டும் தலையெடுத்தது. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளரோடு தோட்ட டிரெசர்கள் சிலரும் சென்றனர். மருந்தின்றிக் காலராவோடும் புண்ணோடும் போராடிய அந்த முகாம்களில் அவர்கள் கற்றது எந்தப் பரீட்சைக்கும் கணக்கில் வராத கல்வி.

போருக்குப் பின், 1947ல், பினாங்கில் தாதியர் பயிற்சிப் பள்ளி முறையாக அமைந்தது. பாடத்திட்டமும் பரீட்சையும் வரையறுக்கப்பட்ட மூன்றாண்டுப் பயிற்சி அது. 1950ல் தாதியர் பதிவுச் சட்டம் வந்தது. பிரிட்டிஷ் முறையையே அது பின்பற்றியது. ஆனால் அந்தப் பிரிட்டனிலேயே அப்போது பழைய முறை கடுமையான கேள்விக்கு உள்ளாகியிருந்தது. 1947ல் வெளியான வுட் குழுவின் அறிக்கை, பயிற்சிக்குச் சேர்ந்த பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் இடையிலேயே விலகிச் செல்வதைக் கண்டது. அவர்களை ஆஸ்பத்திரியின் மலிவான வேலையாட்களாக நடத்துவதை விட்டு, உண்மையான மாணவராக நடத்த வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அப்பரிந்துரை உடனே முழுமையாக நிறைவேறவில்லை. மாணவியரை வார்டிலிருந்து எடுத்துவிட்டால் அந்த வேலையை யார் செய்வது என்ற கேள்வி தடுத்தது. மாணவியரின் உழைப்பின் மீதே ஆஸ்பத்திரி நின்றுகொண்டிருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் நடைமுறையில் ஒரு மாற்றம் மெல்ல வேரூன்றியது. சில வாரங்கள் வகுப்பு, சில மாதங்கள் வார்டு என்று காலத்தைத் தொகுதிகளாகப் பிரிக்கும் முறை அது. வகுப்பு நடக்கும் வாரங்களில் மாணவி வார்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் ஊதியம் நிற்காது. படிப்பு நேரமும் வேலை நேரமே என்று கணக்கில் எழுதப்பட்டது. இரவு முறை முடித்துத் தூக்கக் கலக்கத்தோடு பாடம் கேட்ட காலத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. கிளாஸ்கோ தந்த நேரத்தையும் லண்டன் தந்த ஊதியத்தையும் இம்முறை ஒன்றுசேர்த்தது எனலாம்.

லயத்துப் பிள்ளைக்குத் திறக்காத கதவு

நகரத்தில் பிறந்து ஆங்கிலப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு இந்தக் கதவு திறந்தது. செண்டாயான் வட்டாரத்து லயத்தில் பிறந்த பெண்ணுக்கு அவ்வளவு எளிதில் திறக்கவில்லை. தோட்டத் தமிழ்ப்பள்ளி ஆரம்பக் கல்வியோடு நின்றது. தாதியர் பயிற்சிக்கோ ஆங்கில உயர்நிலைக் கல்வி வேண்டும். உயர்நிலைப் பள்ளி சிரம்பானில். பெற்றோரின் கையில் பஸ் கட்டணத்துக்கும் சீருடைக்கும் பணம் இராது. 1970களில் பள்ளிகளின் போதனை மொழி ஆங்கிலத்திலிருந்து மலாய்க்கு மாறியபோது, மலாய்த் தேர்ச்சி என்ற வேறொரு படி எதிர்ப்பட்டது. தடை மாறியதேயன்றி நீங்கவில்லை.

ஆகவே தோட்டத்துப் பிள்ளைகளில் பலர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது ஏவலாளாகவும் ஆயாவாகவும் தான். கட்டிலைத் துடைப்பதிலும் நோயாளியைத் திருப்பிப் படுக்க வைப்பதிலும் மலச்சட்டி எடுப்பதிலும் அவர்கள் தொடங்கினர். கண்ணால் பார்த்தே மருந்தின் பெயரும் அளவும் அறிந்தவர் அவர்களில் உண்டு. அவர்கள் மேலே வர விரும்பினால் விட்ட பள்ளிப் பரீட்சையை முதலில் எழுத வேண்டும். அதற்கு வேலை முடிந்த இரவையே நம்ப வேண்டும். அங்கே ஊதியத்தோடு கூடிய வகுப்பு வாரம் கிடையாது. எந்தச் சலுகை தாதிப் பயிற்சிப் பெண்ணுக்குக் கிடைத்ததோ, அது அதற்கு ஒரு படி கீழே நின்றவளுக்குக் கிடைக்கவில்லை. உதவி மிகவும் தேவைப்பட்டவருக்கே உதவி எட்டவில்லை.

இரண்டு பதிவேடுகள்

விடுதலைக்குப் பின் சட்டங்கள் அடுத்தடுத்து வந்தன. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர் பதிவுச் சட்டம் 1965ல் நிறைவேறியது. மருத்துவச்சிகள் சட்டமும், தொழிலாளர் வீட்டு வசதிக்குக் குறைந்த தரத்தை வகுத்த சட்டமும் 1966ல் வந்தன. 1977ல் மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. அரசாங்க மருத்துவ உதவியாளருக்கு மூன்றாண்டுக் கல்லூரிப் பயிற்சி நிலைபெற்றது. சிரம்பானிலும் அத்தகைய கல்லூரி ஒன்று எழுந்தது. பழைய ‘டிரெசர்’ என்ற பெயரை உதறி, ‘மருத்துவ உதவியாளர்’ என்றும், பின்னாளில் ‘உதவி மருத்துவ அதிகாரி’ என்றும் அவர்கள் உயர்ந்தனர்.

இவற்றுள் 1965ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டத்துக்கு மிக முக்கியமானது. அதற்குமுன் எவரை டிரெசராக வைப்பது என்பதில் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு இடமிருந்தது. தேர்ந்தவரும் இருந்தனர், கைப்பழக்கம் ஒன்றையே நம்பியவரும் இருந்தனர். ஒரு வாரியமும் ஒரு பதிவேடும் ஏற்பட்டதால் தொழிலாளிக்குப் பாதுகாப்பும் உதவியாளருக்கு மதிப்பும் கிடைத்தன. ஆனால் அதே சட்டம் மற்றொன்றையும் உறுதி செய்தது. தோட்ட உதவியாளர் ஒரு பதிவேட்டிலும், அரசாங்க உதவியாளர் வேறொரு பதிவேட்டிலும் நின்றனர். ஒரே காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தவர்கள், ஒரே புண்ணுக்குக் கட்டுப் போட்டவர்கள், இரண்டு வேறு சட்டங்களின் கீழ் வந்தனர். கல்லூரிக்குச் செல்ல அரசாங்கம் ஒருவருக்கு மூன்றாண்டு நேரம் தந்தது. மற்றவர் தோட்டத்தில் நின்றபடியே கற்றார். கற்ற விதம் வேறானதால் அவர்கள் அறிவு குறைந்ததென்று சொல்வதற்கில்லை. நேரத்தை யார் கொடுத்தார் என்பதில் தான் வேறுபாடு.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். நோயாளியின் பக்கத்தில் நின்று கற்ற டிரெசரின் கைத்திறன் வகுப்பறையில் வருமா என்று பழைய தோட்டத்தார் கேட்பர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நாடி பார்ப்பதும், குழந்தையின் அழுகையில் நோயின் கடுமையை உணர்வதும், அஞ்சி நிற்கும் கிழவியிடம் அவள் பேச்சிலேயே பேசி ஊசிக்கு இணங்க வைப்பதும் ஏட்டில் வரும் கல்வி அன்று. கல்லூரிகள் பெருகிய பிறகு, புதியவர்கள் வார்டுக்குப் புதியவர்களாகவே வந்து சேர்கிறார்கள் என்ற குறை பல நாடுகளில் கேட்டதுண்டு.

ஆயினும் இம்மறுப்பு இரண்டு செய்திகளை ஒன்றாகக் குழப்புகிறது. வேலையில் நின்று கற்பது வேறு. வேலையால் களைத்த பின் கற்பது வேறு. முன்னது எல்லாத் தொழிலுக்கும் இன்றியமையாதது. பின்னதால் எவருக்கும் நன்மை இல்லை. கண்ணயர்ந்தவர் அளக்கும் மருந்தில் பிழை நேரலாம். பிழையின் பயனை அனுபவிப்பவர் நோயாளி. ஆகவே கற்பவருக்கு ஓய்வு தருவதை அவருக்குச் செய்யும் தயவென்று கருதுவது தவறு. அது நோயாளிக்கு அளிக்கும் பாதுகாப்பு. ரெபெக்கா ஸ்ட்ராங் முதல் வுட் குழு வரை சொன்னவை எல்லாம் இங்கே வந்து கூடுகின்றன.

தோட்டம் போன பின்

1990ல் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் புதுப்பிக்கப்பட்டு, தோட்ட மருத்துவத்துக்கான விதிகளும் அதில் இடம்பெற்றன. ஆனால் அதற்குள் தோட்டங்களே மாறத் தொடங்கியிருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர். நகரங்களை அடுத்த தோட்டங்கள் வீட்டு மனைகளாயின. செண்டாயான் அதற்கு ஒரு தெளிவான எடுத்துக்காட்டு. தோட்டக் குடும்பங்கள் சிரம்பானுக்கும் அதன் புறநகர்களுக்கும் குடிபெயர்ந்தன. அக்குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று தாதியராகவும் மருத்துவ உதவியாளராகவும் டாக்டராகவும் பணிபுரிகின்றனர். பாட்டி ‘மிசி’ என்று அழைத்து எழுந்து நின்ற சீருடையைப் பேத்தி அணிந்திருக்கிறாள்.

அவளுக்கும் பழைய சிக்கல் புது உருவில் வந்து நிற்கிறது. டிப்ளோமாவோடு வேலைக்குச் சேர்ந்த தாதி, பதவி உயரப் பட்டமும் சிறப்புப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டியிருக்கிறது. மலாயாப் பல்கலைக்கழகம் 1990களில் தாதியருக்குப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. 2000ல் தோன்றிய மலேசியத் திறந்த பல்கலைக்கழகம், வேலையை விடாமலே தாதியர் பட்டம் பெற வழி செய்தது. ஆயிரக்கணக்கான மைல் கடந்து அயல்நாட்டில் படிக்க இயலாத பெண்களுக்கு இவை பெரும் வாய்ப்பு. ஆனால் முறை வேலை முடித்து வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளை உறங்க வைத்த பின் பாடத்தைத் திறப்பவளின் நிலை, 1920களில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் விளக்கடியில் புத்தகம் புரட்டிய பயிற்சியாளனின் நிலையிலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது? அவனுக்கு வீட்டு வேலையாவது இல்லை.

இவ்வரலாறு விடாமுயற்சியின் பெருமையைப் பாடுவதற்கு நல்ல பொருள் என்று தோன்றலாம். அப்பெருமை அவர்களுக்கு உரியதே. உறக்கத்தை விற்றுக் கல்வியை வாங்கிய அந்த ஆண்களும் பெண்களும் இல்லாவிடில் தோட்டத்து மக்களில் இன்னும் எத்தனையோ பேர் மாண்டிருப்பர். எனினும் ஒவ்வொரு காலத்திலும் தாதியர் கல்வி உண்மையாக முன்னேறியது எப்போது என்று பார்த்தால், தனி மனிதரின் விடாமுயற்சி மிகுந்தபோது அன்று; படிப்பதற்கான நேரத்தை வேலை நேரமாக ஏற்று, அதற்கு ஊதியமும் கொடுத்து, அவர் இடத்தில் நிற்க மாற்றாளையும் ஆஸ்பத்திரி அனுப்பியபோது தான். தோட்ட டிரெசருக்கு அந்த மாற்றாள் வரவே இல்லை. அவருடைய பேத்திக்காவது வர வேண்டும். ஆஸ்பத்திரிகள் தம் தாதியரை மேற்படிப்புக்கு ஊக்குவிப்பதாகச் சொல்லும்போதெல்லாம், வாரத்தில் எத்தனை மணி நேரம் அதற்காக விடுவிக்கிறார்கள் என்று கேட்பதே சரியான கேள்வி.